வயல் நடை கணக்கில் சேருமா?

கேள்வி: "எனக்கு வயது 52. இரண்டரை ஏக்கரில் நெல்லும் அதன் பிறகு உளுந்தும் போடுகிறேன். நான்கு மாடுகள் இருக்கின்றன. போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். தினமும் நடக்கவும் சொன்னார்கள். 'காலையிலிருந்து வயலில்தானே நடக்கிறேன், தனியாக வேறு நடக்க வேண்டுமா?' என்று கேட்டேன். 'அது வேறு, இது வேறு' என்கிறார்கள். மகன் செல்போனில் காலடி எண்ணும் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அது ஒருநாள் 9,000 என்கிறது, மறுநாள் 2,000 என்கிறது. எல்லோரும் பத்தாயிரம் என்கிறார்கள். எதை நம்புவது? வயல் நடை கணக்கில் சேருமா, சேராதா?"
- தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

பதில்: வயல் நடை கணக்கில் சேரும். உடம்பு நடக்கும்போது அது வரப்பா, பூங்காவா என்று பார்ப்பதில்லை. ஆனால், வாசகரின் செயலி காட்டும் 9,000-க்கும் 2,000-க்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைய விவசாயி எல்லா நாளும் நடப்பதில்லை. நடப்பதாக நினைத்துக்கொள்ளும் அளவுக்கும் நடப்பதில்லை. சுகாதார நிலையத்தில் சொன்னதன் பொருள் அதுதான்.

இது இந்த ஒரு வாசகரின் கதை மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. அதன்படி தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் ஊரகப் பகுதிகளில் 8.9 சதவிகிதம் பேருக்கு இருக்கிறது. 'உழைக்கிறவனுக்குச் சர்க்கரை வராது' என்ற பேச்சு இனி எடுபடாது.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் 1964-ல் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதையொட்டி அந்த நாட்டு மக்களிடம் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியது. அடுத்த ஆண்டே, 1965-ல், யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கே'. ஜப்பானிய மொழியில் 'பத்தாயிரம் காலடி மானி' என்று பொருள். சொல்வதற்கும் நினைவில் வைப்பதற்கும் எளிதான முழு எண் என்பதால் அது உலகம் முழுவதும் பரவியது. ஆனால், எத்தனை காலடி நடந்தால் ஆயுள் நீளும் என்று பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து முடிவு செய்த எண் அல்ல அது. அப்படிப்பட்ட ஆய்வுகள் பல்லாண்டுகள் கழித்துத்தான் வந்தன.

2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களின் காலடிகள் கருவி மூலம் எண்ணப்பட்டன. நாளைக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 காலடி நடந்தவர்களில் இறப்பு 41 சதவிகிதம் குறைவாக இருந்தது. காலடி கூடக்கூட நன்மையும் கூடியது. சுமார் 7,500-க்கு மேல் அது அப்படியே நின்றுவிட்டது. 2022-ல் பல நாடுகளின் 15 ஆய்வுகளைச் சேர்த்து, 47,000-க்கும் அதிகமானவர்களைப் பற்றிய தகவல்களை அலசினார்கள். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரையிலும், அதற்குக் குறைந்த வயதினருக்கு 8,000 முதல் 10,000 வரையிலும் நன்மை கூடிக்கொண்டே போய் பிறகு மட்டமானது.

ஆரோக்கியமாக இருப்பவர்கள் இயல்பாகவே அதிகம் நடப்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆய்வாளர்கள் முடிந்தவரை அதைக் கழித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். என்றாலும், இந்த எண்களைக் கல்லில் செதுக்கிய அளவாக எடுத்துக்கொள்ளாமல், வழிகாட்டியாக வைத்துக்கொள்வதே சரி.

விவசாயிக்கு இது புரியாத கணக்கல்ல. தழைச்சத்துக் குறைவான நிலத்தில் முதலில் போடும் உரத்துக்கு விளைச்சல் துள்ளி எழும். அடுத்த பங்குக்கு அவ்வளவு எழாது. ஓர் அளவுக்கு மேல் போட்டால் மகசூல் ஏறாமல் பூச்சிதான் ஏறும். நடையும் அப்படித்தான். நாளைக்கு 2,500 காலடி நடப்பவர் இன்னும் 2,000 கூட்டினால் கிடைக்கும் பலன் பெரிது. ஏற்கெனவே 10,000 நடப்பவர் அதே 2,000-ஐக் கூட்டினால் கிடைக்கும் பலன் சிறிது. ஆகவே பத்தாயிரம் எட்டவில்லையே என்று மலைத்து உட்கார்ந்துவிட வேண்டாம்.

கலப்பையோடு போன நடை

ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பையின் சால் 20 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரை ஒருமுறை உழுது முடிக்க மாட்டுக்குப் பின்னால் சுமார் 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஓர் எட்டுக்கு 65 சென்டிமீட்டர் என்றால், சுமார் 31,000 காலடி. அதே ஏக்கரை 60 சென்டிமீட்டர் அகலத்தில் உழும் பவர் டில்லருக்குப் பின்னால் நடந்தால் 6.7 கிலோமீட்டர். சுமார் 10,400 காலடி. டிராக்டர் வந்தால் வரப்பில் நிற்கும் நில உரிமையாளருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

அறுவடை இயந்திரம் வந்ததால் கட்டுச் சுமந்து களத்துக்குப் போகும் நடை போனது. இருசக்கர வாகனம் வந்ததால் வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த நடை போனது. செல்போனில் மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் வந்ததால் ராத்திரி கொட்டகைக்குப் போகும் நடையும் போனது. இவற்றையெல்லாம் குறை சொல்ல முடியாது. முதுகு ஒடிந்த வேலைகள் குறைந்தது நல்லதுதான். ஆனால், அப்பா சாப்பிட்ட அளவு சோற்றை மகனும் சாப்பிடுகிறார். அப்பா நடந்த நடை மட்டும் மகனிடம் இல்லை. வயலில் இருக்கும் நேரம் குறையவில்லை, கவலை குறையவில்லை, நடைதான் குறைந்திருக்கிறது. அதனால்தான் 'நாள் முழுக்க வயலில் இருக்கிறேன்' என்பவரின் செயலியும் 2,000 என்று காட்டுகிறது.

இன்னொன்று, விவசாய வேலை பருவத்துக்குப் பருவம் மாறும். நாற்றுப் பறித்து நடவு நடக்கும் வாரத்தில் 12,000 காலடிகூட வரும். நெல் தரிசில் உளுந்து விதைத்த பிறகு பூக்கும் வரை அவ்வளவு வேலை இல்லை. கோடையில் அதுவும் இல்லை. சர்க்கரை நோய்க்கு அப்படிப் பருவ விடுமுறை கிடையாது. நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்து எரிக்கின்றன. அந்த நன்மை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கும். ஆகவே சர்க்கரை நோயாளிகள் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் உடலசைவு இல்லாமல் இருக்கக் கூடாது. நடவு மாதத்து நடையைச் சேமித்து வைத்துச் சித்திரையில் செலவழிக்க முடியாது.

வேகத்துக்கும் ஒரு கணக்கு

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. மிதமானது என்றால் நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதாமல் இருக்க வேண்டும். இதுவே எளிய அடையாளம்.

வயல் நடை பெரும்பாலும் இப்படி இருப்பதில்லை. பத்து எட்டு வைப்பார், மடையைப் பார்ப்பார், குனிந்து ஒரு களையைப் பிடுங்குவார், பக்கத்து வயல்காரரோடு பேசுவார். இந்த நடையும் சேரும், வீண் அல்ல. உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால், இதயமும் நுரையீரலும் வேகமெடுக்க வேண்டுமென்றால் இதோடு கைவீசி நடக்கும் நடையும் வேண்டும். வாரம் ஐந்து நாள், நாளைக்கு 30 நிமிடம் போதும். ஒரே மூச்சில் முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடக்கலாம். சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும். இரவு சோறு சாப்பிட்டதும் கட்டிலில் சாயும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

செல்போன் எப்படி எண்ணுகிறது?

செல்போனுக்குள் அசைவை உணரும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. காலை ஊன்றும்போது உடம்பில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தை அது பார்க்கிறது. சீராக வரும் ஒவ்வோர் அதிர்வையும் ஒரு காலடி என்று செயலி எண்ணுகிறது. இடது கால் ஒன்று, வலது கால் ஒன்று, ஆக இரண்டு. இது தெரிந்தால் அது எங்கெல்லாம் தவறும் என்பதும் தெரிந்துவிடும்.

* போனைக் கொட்டகையில் வைத்துவிட்டு வயலில் இறங்கினால் ஒரு காலடியும் ஏறாது. 2,000 காட்டிய நாளில் போன் எங்கே இருந்தது என்று முதலில் யோசித்துப் பார்க்க வேண்டும்.
* சேற்றில் மெதுவாகக் காலை எடுத்து வைக்கும்போது அதிர்வு குறைவு. செயலி சில காலடிகளைத் தவறவிடும்.
* கையில் கட்டும் பட்டை, தலைச்சுமையைக் கையால் பிடித்து நடக்கும்போது குறைத்துக் காட்டும்.
* பவர் டில்லர் அதிர்விலும், குண்டும் குழியுமான சாலையில் வண்டி ஓட்டும்போதும் நடக்காத காலடி சேர்ந்துவிட வாய்ப்புண்டு.
* சைக்கிள் மிதிப்பது காலடியாகச் சேராது. ஆனால், உடம்புக்கு அது நல்ல உழைப்புதான்.

செயலியைச் சோதிப்பது எளிது. போனைச் சட்டைப்பையிலோ இடுப்பிலோ வைத்துக்கொண்டு, வாயால் எண்ணி 200 காலடி நடக்க வேண்டும். பிறகு சிறிது நேரம் கழித்துச் செயலியைப் பார்க்க வேண்டும். 190 முதல் 210-க்குள் கூடியிருந்தால் போதுமானது. கொஞ்சம் கூடக் குறையக் காட்டினாலும் பாதகமில்லை, தினமும் ஒரே இடத்தில் வைத்தால் சரி. மழைமானியைத் தினம் ஓர் இடத்தில் மாற்றி வைத்தால் கணக்கு எப்படி உதவாதோ, அப்படித்தான் இதுவும். காலடிப் பட்டை என்று தனியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை.

எப்படிக் கூட்டுவது?

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். தினமும் படுக்கப் போகும் முன் எண்ணை நாட்காட்டியில் குறித்து வந்தால் போதும். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாம். ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகுத்தால் சராசரி வந்துவிடும். வாசகருக்கு 4,200 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இரண்டு வாரத்துக்கு 5,200 என்று இலக்கு வைக்கலாம். கூட வேண்டிய 1,000 காலடி என்பது பத்து நிமிட வேக நடை. அது பழகியதும் இன்னொரு பத்து நிமிடம். இப்படி ஏறினால் இரண்டு மாதத்துக்குள் 8,000-ஐ நெருங்கலாம். ஒரே நாளில் பத்தாயிரம் நடந்து, குதிகால் வலியோடு மறுநாள் படுத்துவிடுவதால் பயனில்லை.

வழிகள் வயலிலேயே இருக்கின்றன. வண்டியை வயலோரம் வரை கொண்டுபோகாமல் வாய்க்கால் பாலத்திலேயே நிறுத்திவிட்டு நடக்கலாம். காலையில் முதலில் இரண்டு சுற்று நிற்காமல் வரப்பைச் சுற்றிவிட்டு, மூன்றாவது சுற்றில் இலைச்சுருட்டு இருக்கிறதா, எலிவளை இருக்கிறதா, மடை உடைந்திருக்கிறதா என்று நின்று பார்க்கலாம். பயிருக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டங்களில் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அமைத்தது. மாவட்டத்துக்கு ஒரு பாதை எல்லா ஊருக்கும் எட்டாது. கிராமத்துக்கு வாய்க்கால் கரையே நடைபாதை.

பாதம் பத்திரம்

சர்க்கரை உள்ள விவசாயிக்குக் காலடி எண்ணிக்கையைவிடப் பாதம் முக்கியம். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறையும். கருவேல முள் தைத்தாலும், நத்தை ஓடு கிழித்தாலும் வலிக்காது. வலிக்காத புண்ணைக் கவனிக்க மாட்டார்கள். கவனிக்காத புண் விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். விரல் போன பின் வரப்பில் நடப்பது எப்படி?

* வரப்பு, சாலை, கொட்டகை எல்லாவற்றிலும் செருப்பு வேண்டும். பின்பட்டி உள்ள செருப்பு கழன்று விழாது.
* சேற்றிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்க வேண்டும்.
* தினமும் இரவு விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தனக்குத் தெரியாவிட்டால் வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லலாம்.
* புண் இருந்தால் மஞ்சள், சுண்ணாம்பு, எருக்கம்பால் என்று எதையும் தடவாமல் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். காலாணியை பிளேடால் சீவக் கூடாது.
* கால் புண்ணோடு தேங்கிய நீரிலோ சேற்றிலோ இறங்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரலாம்.

மாத்திரை அல்லது இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடப்பதும் ஆபத்து. படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், கண் இருட்டல் வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். உடனே உட்கார்ந்து சர்க்கரையோ வெல்லமோ வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மடியில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, வலி தோளுக்கும் தாடைக்கும் பரவினாலோ அங்கேயே நின்று 108-ஐ அழைக்க வேண்டும்.

விடியுமுன் நடப்பவர்கள் டார்ச் விளக்கும் கம்பும் எடுத்துக்கொள்ள வேண்டும். வரப்பில் பாம்பு இருக்கும். சாலையில் நடந்தால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி, வெளிர்நிற உடையோடு நடக்க வேண்டும். மருந்து தெளித்த வயலின் வரப்பை அன்று விட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. செயலி 8,000 காட்டுகிறது என்று மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நடை மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைச் செய்து, முடிவைப் பார்த்து அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் மருத்துவர் வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்களிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

எண்ணப்படாத காலடி

பல வீடுகளில் நல்ல செல்போன் வீட்டுக்காரரின் சட்டைப்பையில்தான் இருக்கும். விடியலில் சாணம் அள்ளி, தண்ணீர் எடுத்து, பால் கறந்து சொசைட்டிக்குக் கொடுத்து, நூறு நாள் வேலைக்கும் போய்வரும் பெண்ணின் காலடியை எந்தச் செயலியும் எண்ணுவதில்லை. குனிந்து நடுவதும், குந்தி உட்கார்ந்து களை எடுப்பதும் கடும் உழைப்பு. ஆனால், அவை காலடியாக ஏறாது. ஆகவே எண் குறைவு என்று அவர்களை இன்னும் நடக்கச் சொல்வது முறையல்ல. ஒரு வாரம் போனை அவர்களிடம் கொடுத்துப் பார்த்தால் வீட்டில் யாருக்கு நடை வேண்டும், யாருக்கு ஓய்வு வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சின்னக் கேள்விகள்

செல்போன் இல்லாதவர் எப்படி எண்ணுவது?

கடிகாரம் போதும். வேக நடையில் பத்து நிமிடம் சுமார் 1,000 காலடி. அல்லது வரப்பையே அளவாக வைத்துக்கொள்ளலாம். சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு சுமார் 254 மீட்டர், அதாவது 390 காலடி. ஐந்து சுற்று வந்தால் ஏறத்தாழ 2,000 காலடி. மடியில் ஐந்து புளியங்கொட்டை போட்டுக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாக எடுத்துப் போட்டால் கணக்கு தவறாது.

மூட்டுவலி உள்ளவர்கள் நடக்கலாமா?

வீக்கமும் சூடும் இருக்கும் நாட்களில் வேண்டாம். மற்ற நாட்களில் சமதரையில் ஐந்து நிமிடமாகத் தொடங்கலாம். மேடு பள்ளமான வரப்பைவிட மண்சாலை நல்லது. சைக்கிள் மிதிக்க முடிந்தால் மூட்டுக்கு அது இன்னும் எளிது. வலி கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்பாவுக்கு 70 வயது. அவரும் 8,000 நடக்க வேண்டுமா?

இப்போது நடப்பதைவிட 1,000 கூடினாலே பலன் உண்டு. இயன்றால் மெல்ல மெல்ல 6,000 வரை போகலாம். இந்த வயதில் நடையோடு விழாமல் இருக்கும் பயிற்சியும் வேண்டும். வாரம் மூன்று நாளாவது, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் சில விநாடி நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஆகியவற்றைப் பத்துப் பத்து முறை செய்யலாம். முதல் சில நாட்கள் பக்கத்தில் ஒருவர் நிற்பது நல்லது.